கெட்டிமேளத்துக்குக் கை காட்டியவன்

கெட்டிமேளத்துக்குக் கை காட்டியவன் நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு சங்கக் கூடத்தின் மேடையில் வெள்ளைக்கார மருத்துவ அதிகாரி நின்றிருந்தார். அவர் எதிரே காது கேளாத கப்பல் பட்டறைத் தொழிலாளி ஒருவர். கேட்புக் கருவியின் குமிழை அதிகாரி தன் கையாலேயே அவர் காதில் பொருத்தினார். நல்ல காரியம் நடக்கிறது என்று தோன்றிய அந்த நொடியில், கல்யாண வீட்டில் தாலி ஏறும்போது உயர்வதுபோல என் கை தானாக உயர்ந்தது. ஓரத்தில் உட்கார்ந்திருந்த தவில்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு முழு மூச்சோடு தட்டினார்கள்.

அந்தக் கூட்டத்துக்குக் காரணம் டீச்சர். தமிழ்ப் பள்ளி ஒன்றில் பாடம் நடத்தியவர், என்னைவிடச் சில வயது மூத்தவர். அப்போதெல்லாம் கேட்புக் கருவி ஆங்கிலேயக் கடைகளின் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் பொருள். கூலிக்காரர் நினைத்துப் பார்க்க முடியாத விலை. கப்பலின் வயிற்றுக்குள் நாள் முழுக்கத் துரு தட்டியவர்கள் நாற்பது வயதுக்குள் செவிடானார்கள். மேலேயிருந்து சுமை இறங்கும்போது போடும் கூச்சல் கேட்காததால் வேலையையும் இழந்தார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியே கருவிகளை வாங்கி வைத்து ஏழைகளுக்கு இரவல் தர வேண்டும் என்று டீச்சர் ஒரு குழுவைத் திரட்டினார். நான் ஆங்கிலம் படித்த குமாஸ்தா. மனு எழுதத் தெரியும் என்பதால் செயலாளர் ஆனேன். அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எப்போதும் "செயலாளரே" தான், அதில் கொஞ்சம் கேலியும் இருக்கும். ஞாயிறுதோறும் வீடு வீடாகப் போய்க் கையெழுத்துக் கேட்டோம். கெர்பாவ் சாலையில் ஒரு மாவுமில் ஆள், "காது மெஷினா டீச்சர்? என் முதலாளிக்கு ஒண்ணு மாட்டி விடுங்க. நான் சம்பளம் கேக்குறது அவருக்குத்தான் கேக்க மாட்டேங்குது" என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

டீச்சருக்கே காது கேட்காது என்பது அப்படிப்பட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமையில்தான் எனக்குத் தெரிந்தது. ரேஸ் கோர்ஸ் சாலையைக் கடக்கும்போது பின்னாலிருந்து ஒரு லாரி ஹாரனை அலறவிட்டு வந்தது. அவர் திரும்பவே இல்லை. கையைப் பிடித்து இழுத்தேன். கடையோர ஐந்தடி நடைபாதையில் நின்று மூச்சு வாங்கிய பிறகு, என் வாயையே பார்த்தபடி சொன்னார்: "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. பள்ளிக்கூடத்துல தெரிஞ்சா வேலை போயிடும். என் அம்மாவுக்கு நான் ஒருத்திதான்." அவருடைய வகுப்பில், பதில் சொல்லும் பிள்ளை எழுந்து அவர் முகத்துக்கு நேராக நின்றுதான் பேச வேண்டும். எல்லாரும் அதைக் கண்டிப்பு என்று நினைத்துப் பாராட்டினார்கள். உதட்டைப் படிக்கத்தான் அந்த ஏற்பாடு. சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கைப் பின்னால் மிகவும் கேவலமான முறையில் காப்பாற்றினேன்.

அதிகாரியைக் கூட்டத்துக்கு வரவழைக்க மாதக்கணக்கில் அலைந்தோம். மேடையில் காட்டுவதற்காக ஒரு கடைக்காரர் கருவி ஒன்றை இரவல் தந்தார். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய பெட்டி, அதிலிருந்து ஒரு கம்பி, கம்பியின் நுனியில் குமிழ். தொழிலாளிக்குப் பழக்கிவிடுவதற்காக டீச்சர் அதை முதலில் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்தார். நான் நாதஸ்வரத்துக்குச் சொல்லியிருப்பதைக் கேட்டதும் பதறினார்.

"மேளம் வேணாம் செயலாளரே. இந்த மெஷின் எல்லாச் சத்தத்தையும் ஒண்ணாத் தூக்கி மண்டைக்குள்ள கொட்டுது. பக்கத்து வீட்டுல தட்டு விழுந்ததுக்கே நான் அழுதுட்டேன்."

"அவ்வளவு பெரிய ஆளைக் கூப்பிட்டு, மேளம் இல்லாம மாலை போட்டா நம்மள என்ன நினைப்பாங்க டீச்சர்?"

"அப்போ வாசலோட நிறுத்திக்கச் சொல்லுங்க."

சரி என்றேன். ஆனால் மேளக்காரர்களை உள்ளே வந்து உட்காரச் சொன்னதும் நான்தான்.

தவில் இடி தொழிலாளியின் தலைக்குள் இறங்கியது. அவர் குமிழைப் பிடுங்கி எறிந்துவிட்டு இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "எனக்கு இது வேணாம்மா. கேக்காமலே இருந்துட்டுப் போறேன்." என்ன சொல்கிறார் என்று அதிகாரி கேட்டார், மொழிபெயர்த்தேன். அவர் பேனாவை மூடிப் பைக்குள் வைத்தார். இந்த ஜனங்களுக்கு இதெல்லாம் பழகாது, வாங்கிக் கொடுத்தாலும் பெட்டிக்குள்தான் தூங்கும் என்று சொல்லிக்கொண்டே எழுந்தார். மாதக்கணக்கான அலைச்சல் கண் முன்னால் கரைந்துகொண்டிருந்தது. 

"அவரை உட்காரச் சொல்லுங்க" என்று டீச்சரின் குரல் கேட்டது. அதிகாரியின் உதட்டை அவர் படித்திருந்தார். மேடையேறி, குமிழைப் புடவைத் தலைப்பால் துடைத்துத் தன் காதில் வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். யார் வேண்டுமானாலும் பின்னாலிருந்து எதையும் கேட்கலாம் என்றார். கடைசி வரிசையிலிருந்து ஒருவர் மெல்லிய குரலில், "காலையில என்ன பசியாறினீங்க டீச்சர்?" என்றார். "எங்க பசியாற விட்டாரு உங்க செயலாளரு? தவுல்காரர் வெத்தலை மெல்லுறதுகூடக் கேக்குது, பசிதான் அடங்கல." கூடம் சிரித்தது. அதிகாரி சிரிக்கவில்லை. கருவி இல்லாமல் இந்த அம்மாவுக்கு எவ்வளவு கேட்கும் என்று என்னிடம் கேட்டார்.

முன்வரிசையில் பள்ளி நிர்வாகக் குழுத் தலைவர் உட்கார்ந்திருந்தார். அந்தக் கேள்விக்கு என்ன விலை என்பது கூடத்தில் எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். "கழற்றச் சொல்றாரு டீச்சர்" என்றேன். அவர் தலைவரை ஒருமுறை பார்த்தார். பிறகு குமிழை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பினார். அதிகாரி கூப்பிட்டார், கையைத் தட்டினார். டீச்சர் அசையவில்லை. கேள்வி இனிமேல்தான் வரப்போகிறது என்பதுபோல லேசான புன்னகையுடன் காத்து நின்றார். அவருடைய மாணவி ஒருத்தி, டீச்சர் கோபமாக இருக்கிறார் என்று நினைத்து, "டீச்சர், டீச்சர்" என்று அழ ஆரம்பித்தாள். அதற்கும் அவர் திரும்பவில்லை. கடைசியில் அந்தத் தொழிலாளிதான் எழுந்துபோய் அவர் தோளைத் தொட்டார். என் கையிலிருந்த கருவியை வாங்கி அவரிடமே நீட்டினார். "மேளக்காரன வெளிய போகச் சொல்லிட்டு மாட்டி விடும்மா. நானும் பாக்குறேன்." அதிகாரி பையிலிருந்து பேனாவை மறுபடி எடுத்தார். ஆஸ்பத்திரிக்குக் கருவிகள் வரும் என்று அன்றைக்கே வாக்குக் கொடுத்தார்.

அந்த வாரமே பள்ளியில் விசாரணை நடந்தது. குழுச் செயலாளர் என்பதால் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். "பிள்ளைங்க பேசுறது கேக்காதவங்க எப்படிப் பாடம் நடத்துறது? இத்தன வருஷமா எங்களை ஏமாத்தியிருக்காங்க" என்றார் தலைவர். பிறகு என் பக்கம் திரும்பினார். "தம்பி, உங்களுக்கு இது முன்னமே தெரியுமா?"

தெரியும் என்று சொல்லியிருக்க வேண்டும். அவருடைய வகுப்புப் பிள்ளைகள்தான் அந்தப் பள்ளியிலேயே தெளிவாகப் பேசுகிறவர்கள், ஒரு கருவி கிடைத்தால் அவர் இன்னும் பல ஆண்டுகள் பாடம் நடத்துவார் என்று வாதாடியிருக்க வேண்டும். ஆனால் தலைவருடைய தங்கை மகளை எனக்குப் பேசி முடித்திருந்தார்கள். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்கு நானே ஒரு சமாதானமும் வைத்திருந்தேன். "தெரியாதுங்க" என்றேன். டீச்சர் எனக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தார். அந்தச் சொல்லை அவர் காதால் கேட்கவில்லை. என் உதட்டில் படித்தார். எனக்கு முன்பே தெரியும் என்று அவர் எங்கும் சொன்னதாகத் தெரியவில்லை. மாத முடிவில் வேலை போயிற்று. என் கல்யாணம் நடந்தது, நன்றாகவே வாழ்ந்தேன்.

இப்போது செங்காங்கில் மகனோடு இருக்கிறேன். போன வாரம் எனக்கும் கேட்புக் கருவி பொருத்தினார்கள். மொச்சைக்கொட்டை அளவுதான் இருக்கிறது. பொருத்திய இளம்பெண், "சத்தம் ஜாஸ்தியா இருந்தா சொல்லுங்க அங்கிள், குறைச்சிடலாம் லா" என்றாள். இதற்காக நான் எந்தத் தெருவிலும் நடக்க வேண்டியிருக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஆஸ்பத்திரியில் கருவி கொடுக்கத் தொடங்கிய முதல் நாள், பெயர் கூப்பிடும் வேலை எனக்கு. மதியம்வரை ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அடுத்த அட்டையை எடுத்தேன், டீச்சரின் பெயர். கூப்பிட்டேன். மறுபடியும், இன்னும் உரக்கவும் கூப்பிட்டேன். நாலாவது பெஞ்சில் மடியில் குடையை வைத்துக்கொண்டு அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாரும் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். எழுந்துபோய் அவர் முன்னால் நின்றேன்.

"ரொம்ப நேரமாக் கூப்பிட்டேன் டீச்சர்."

அவர் என் உதட்டைப் படித்தார். முகத்தில் கோபமே இல்லை. "கூப்பிடத்தான் செய்வீங்க செயலாளரே. எனக்குக் காது கேக்காதுன்னு உங்களுக்குத்தான் தெரியாதே."

அட்டையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு கருவி பொருத்தும் அறைக்குள் போனார். நான் மேசைக்குத் திரும்பினேன். அடுத்த ஆளின் பெயரைக் கூப்பிட வேண்டியிருந்தது.