பெயரோடு எழுது

கெஸியாவின் கவிதை வகுப்பில் ஒரே சட்டம்தான்: யாரைப் பற்றி எழுதுகிறாயோ, அவர் பெயரை மறைக்கக் கூடாது. பந்தலூர் எஸ்டேட்டில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்து, அப்பாவிடம் வாங்கிய உதையை அவர் பெயரோடு எழுதியே கவிஞரானவள் அவள். ஊட்டிக் கல்லூரியில் படைப்பெழுத்து சொல்லிக்கொடுக்கும் வேலையும் அந்தக் கவிதைப் புத்தகத்தால் வந்ததுதான். புத்தகம் வந்தபோது அப்பா செத்து வருஷங்கள் ஆகியிருந்தன, அது வேறு விஷயம்!

ஞாயிறுதோறும் காந்தலில் வேலைக்குப் போகும் பெண்களுக்கும் வகுப்பெடுத்தாள். கேத்தியில் கேரட் கழுவும் ராஜகுமாரி அங்கே தன் புருஷனைப் பற்றி எழுதினாள். முடியைப் பிடித்துச் சுவரில் மோதுவது, சத்தம் வராமல் வாயில் துணி திணிப்பது, எல்லாம் இருந்தது. பெயர் மட்டும் இல்லை.

"பேர் எங்கம்மா?"

"வேண்டாங்க டீச்சர். தெரிஞ்சா கொன்னே போட்டுருவாருங்க."

"பயந்துக்கிட்டு எழுதறதுக்கு எழுதாமலே இருக்கலாம்."

ராஜகுமாரி பெயரை எழுதினாள். வகுப்பின் ஆண்டு விழாவில் கெஸியாவே அதை மைக்கில் வாசித்தாள். அப்படி ஒரு கைதட்டல்! கேத்திக்காரர் யாரோ அதைப் போனில் பிடித்து ஊரெல்லாம் அனுப்பிவிட்டார்.

அடுத்த ஞாயிறு ராஜகுமாரியின் புருஷன் வசந்த்குமார் வகுப்புக்கே வந்துவிட்டான், கையில் தேயிலைச்செடி வெட்டும் கவாத்துக் கத்தியோடு. மனைவியின் கொண்டையைப் பிடித்து முகத்தை மேசை விளிம்பில் அடித்தான். பல் தெறித்துத் தரையில் விழுந்தது.

"என் பேரையாடி எழுதுன?"

கெஸியா குறுக்கே பாய்ந்தாள். கத்தி அவள் வலக்கையில் எலும்புவரை இறங்கியது. பெண்கள் நாற்காலிகளால் விளாசிய பிறகுதான் அவன் ஓடினான். "போலீசுல என் பேரு வந்துச்சு, இவ பொணந்தான்!" என்று வாசலில் நின்று கத்திவிட்டே போனான்.

ஆஸ்பத்திரியில் பெண் போலீஸ் கேட்டார், "யாரு வெட்டுனது?"

கெஸியா ராஜகுமாரியின் வீங்கிய முகத்தைப் பார்த்தாள். பெயரைச் சொன்னால் இவளைச் சாகக் கொடுத்துவிடுவோம் என்று பட்டது. "தெரியல மேடம். யாரோ குடிகாரன்" என்றாள். கூட வந்த பெண்களும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

பக்கத்துக் கட்டிலிலிருந்து ராஜகுமாரி எழுந்து உட்கார்ந்தாள். வாயில் ரத்தம் கட்டியிருந்ததால் பேச்சு குழறியது.

"எழுதிக்கோங்க மேடம். வசந்த்குமார். என்ற ஊட்டுக்காரருங்க."

"ராஜி, வேண்டாம்மா. கொன்னுருவான்."

"உங்கப்பா செத்தப்புறம் எழுதுனீங்க டீச்சர். இவரு உசுரோட இருக்காருங்க. இப்பவே சொல்லோணும்."

கெஸியா வாய்விட்டு அழுதாள். பிறகு போலீஸ் எழுதிய புகார்க் காகிதத்தை வாங்கி, இடக்கையால் கோணல்மாணலாகச் சாட்சிக் கையெழுத்துப் போட்டாள்.