பத்மாசனியின் கோபம்

பத்மாசனியை விசரி, புத்தி பேதலித்தவள் என்று எழுதிய பெட்டிச மனுவில் என் கையெழுத்தும் இருக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகென்றால் மென்று விழுங்கிவிடுவேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து உருத்திரபுரத்துக்கு நாங்கள் குடியேறியபோது, அவளும் கணவன் யோகலிங்கமும் என் பக்கத்து வயலுக்கு வந்தார்கள். ஐம்பத்தாறாம் ஆண்டில் அவன் பாம்பு கடித்துச் செத்தான். பிள்ளையில்லை. யோகலிங்கத்தின் தமையன் வீரகத்தி, காணி இனித் தனக்குத்தான் என்று இருந்தான். அவளோ கணவனின் சேட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு மண்வெட்டியோடு வயலில் இறங்கிவிட்டாள்.

கோடையில் விதைக்கும் அடுத்த சிறுபோகத்தில் குளத்தில் தண்ணீர் குறைவு. முறை வைத்துத்தான் மடை திறப்போம். நெல் கதிர் தள்ளுமுன் குடலை கட்டும் நேரம் பார்த்து, அவளுடைய முறையன்று வீரகத்தி அவள் மடையை அடைத்துவிட்டான். அவள் ஓடிவந்து அடைப்பை வெட்டினாள். கூந்தல் அவிழ்ந்தது தெரியாமல் வாய்க்கால் முழுக்கக் கேட்கக் கத்தினாள். பிறகு மடைக்குள்ளேயே குந்திவிட்டாள், பொழுதுபடும்வரை எழும்பவில்லை.

"இவளுக்கு விசர்" என்றான் வீரகத்தி. நாங்களும் ஓம் போட்டோம்.

இதே வீரகத்தி ஒவ்வொரு பொங்கலுக்கும் அம்மன் கோயிலில் குதித்துக் கூவிப் பானையை உதைப்பான். அது கலை, அம்மன் இறங்கியது. வேப்பிலை கொடுத்துக் கும்பிடுவோம். ஊர்த் தலைமைக்காரர் விதானையார் வரம்பில் நின்று தூஷணம் கொட்டினால் அது ரோசம். பெண் கத்தினால் மட்டும் விசர். எங்கள் மண்டைக்கு அன்று இது ஏறவில்லை. ஏறினாலும் இறக்கி வைத்திருப்போம்.

அவளுக்குப் புத்தி சுகமில்லை, காணியை வீரகத்திக்கு மாற்றவேண்டும் என்று காணிக் கந்தோருக்குப் பெட்டிசம் போனது. யாரோ ஒரு அப்போதிக்கரி வைத்தியரிடம் இங்கிலிஷில் சான்றுத் துண்டும் வாங்கி இணைத்திருந்தான். விசாரணைக்கு நாள் வைத்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வேலிக்கும் வாசலுக்குமாக நடந்தேன். விசாரணையன்று காலை அவளிடமே போனேன்.

"பிள்ளை, அம்மன் கலை வந்தது எண்டு சொல்லு. ஒருத்தரும் உன்ரை காணியைத் தொடமாட்டினம்."

"எனக்குக் கலையும் வரேல்லை, விசரும் வரேல்லை அண்ணை. கோபம் வந்தது. அதுக்கு ஏன் அம்மனை இழுக்கிறியள்?"

நான் வந்த வழியே திரும்பினேன்.

விசாரணையில் காணி அதிகாரி துண்டைப் பிரித்தார். "ஹிஸ்டீரியா எண்டு கிடக்கு. கருப்பை இடம்விட்டு அலைஞ்சால் பொம்பிளையளுக்கு வாற வருத்தம் எண்டு ஆதிகாலத்து வைத்தியர்மார் வைச்ச பேர்."

"அப்ப விதானையார் கத்தேக்கை அவருக்கு எது அலையுது ஐயா?" என்றாள் பத்மாசனி.

விதானையார் கதிரையில் நெளிந்தார். வீரகத்தி துள்ளி எழும்பினான். "பாத்தீங்களோ ஐயா, இதுதான் விசர்!"

அதிகாரி அவனை இருக்கச் சொல்லிவிட்டுப் பெட்டிசத்தைப் பார்த்து என் பெயரைக் கூப்பிட்டார். எழும்பி முன்னே போனேன்.

"பக்கத்து வயல்காரர் நீங்கள்தானே? அண்டைக்குக் கண்டது விசரோ, கோபமோ?"

"கோபம், ஐயா."

"பிறகேன் கையெழுத்து வைச்சனீங்கள்?"

வீரகத்தி என்னையே முறைத்துக்கொண்டிருந்தான். பத்மாசனி என் பக்கம் திரும்பவில்லை.

"அவவின்ரை மடையை அடைச்சு மறிச்ச தண்ணி என்ரை வயலுக்கும் வந்தது, ஐயா."

அதிகாரி பேனையை எடுத்துப் பெட்டிசத்தின் மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். காணி அவள் பெயரிலேயே நின்றது. ஆனால் விசாரணை முடியும்வரை அவள் முறையை நிறுத்தி வைத்திருந்த பத்து நாளில் அவள் வயலில் பாதி கருகிப்போயிருந்தது.

வெளியே அவள் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். மன்னிப்புக் கேட்கலாம் என்று கிட்டப் போனேன். அவள் நிமிரக்கூட இல்லை.

"நாளைக்கு என்ரை முறை. மடைப் பக்கம் வராதேங்கோ."