ஒன்பதாம் எண்ணில் தமிழ்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். இது எனக்கே நடந்தது. சாட்சி என் நாத்தனார். அவளுக்குப் பொய் சொல்ல வராது. எங்கள் வீட்டில் பாதிச் சண்டை அதனால்தான்.

நாங்கள் இருவரும் ஒரே ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவு. புது இயந்திரம் ஓட்டப் பழகிக்கொள்ள வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். பத்து நாள் நின்றே வேலை. கால் இரண்டும் தூணாக வீங்கிவிட்டன. ஊர் திரும்ப ஒரு நாள் இருந்தது. அன்று பார்த்து, விடிந்ததிலிருந்து மழை.

"வந்ததுக்கு ஊரையாவது பார்ப்போம் அண்ணி. பஸ்ல உட்கார்ந்தபடியே பார்க்கலாம்" என்றாள்.

மதியம் 2.10. சுற்றுலா பஸ்ஸின் மாடியில் எங்களைத் தவிர யாரும் இல்லை. உட்கார்ந்ததும் அவள் தூங்கிவிட்டாள். இருக்கையில் ஒரு காதுக்கருவி இருந்தது. எண்ணைத் திருப்பினால் ஒவ்வொரு மொழியில் ஊரைப் பற்றிச் சொல்லும். எனக்கு ஒன்றும் புரியவில்லை. திருப்பிக்கொண்டே போனேன்.

ஒன்பதில் தமிழ்!

ஒரு பெண் குரல். அசதியான குரல். "வலது பக்கம் பாருங்க. பச்சைக் கதவு போட்ட தபால் ஆபீஸ்."

பார்த்தேன். கண்ணாடிக் கட்டடம் ஒன்றுதான் இருந்தது. பழைய பதிவு போல என்று நினைத்துக்கொண்டேன்.

2.35. குரலுக்குப் பின்னால் மழைச் சத்தம் கேட்டது. பதிவில் எப்படி மழை?

"கால் வலிக்குதாம்மா? எனக்கும் நின்னு நின்னு மரத்துப்போச்சு."

கருவியைக் கழற்றக் கையைத் தூக்கினேன்.

"கழட்டாதீங்க... பேச ஆளே இல்ல."

கை அப்படியே நின்றுவிட்டது.

2.50. "பாலம் வருது. அங்கதான் நிக்கிறேன். இறங்கி வாங்க."

நான் எழுந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், நான் எழ நினைக்கவில்லை. கால்கள் எழுந்தன. அத்தனை வலியும் எங்கே போனதென்று தெரியவில்லை.

படி... இன்னொரு படி...

கீழே பின்கதவு திறந்திருந்தது. சாரல் முகத்தில் அடித்தது.

"வாங்க..."

ஒரு கால் வெளியே.

"அண்ணி! வண்டி ஓடிட்டிருக்கு!"

நாத்தனார் என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். இருவரும் படியில் விழுந்தோம்.

காதுக்கருவியின் வயர் என் தோளில் தொங்கியது. அதன் முனை எதிலும் செருகியிருக்கவில்லை.

காதில் மட்டும்...

"போயிட்டீங்களா?"

பிடுங்கி எறிந்தேன்.

3.40. பஸ் அலுவலகத்தில் சீட்டுக் கொடுக்கும் பெண்ணிடம் அரைகுறை மொழியில் விசாரித்தோம். கருவியில் எட்டு மொழிகள்தான் என்றாள். பாலத்தைப் பற்றிக் கேட்டதும் அவள் முகம் மாறிவிட்டது. நாலு வருடம் முன்பு, இதே போல ஒரு மழை நாளில், பாலத்து நிறுத்தத்தில் தனியாக நின்ற வெளிநாட்டுக்காரி ஒருத்தி கைப்பிடிச் சுவர் இடிந்து ஆற்றில் விழுந்தாளாம். மறுநாள் உடல் கிடைத்தது. யாரென்றே தெரியாமல் புதைத்தார்கள். அதன்பின் பஸ் அங்கே நிற்பதில்லை.

சுவரில் ஒட்டியிருந்த ஒரு காகிதத்தைக் காட்டினாள். பிணத்தின் சட்டைப்பையில் இருந்ததன் நகல். என்ன மொழி என்றே யாருக்கும் தெரியவில்லையாம்.

தமிழ். 'மகன்' என்று போட்டு, தொலைபேசி எண்ணை எழுத்தால் எழுதியிருந்தாள். ஒன்பது, எட்டு, நாலு...

எண்ணைக் குறித்துக்கொண்டேன். ஆனால் அங்கிருந்து கூப்பிட எனக்குத் தைரியம் வரவில்லை. மறுநாள் சாயங்காலம் ஊர் வந்து இறங்கினோம். அதற்கடுத்த நாள் காலை 9.20-க்கு அந்த எண்ணை அழுத்தினேன். ஓர் ஆண் குரல். எப்படிச் சொல்வதென்று தெரியாமல், "தம்பி, உங்க அம்மா விஷயமா..." என்று இழுத்தேன்.

"அம்மாவா? நாலு வருஷமா தேடாத இடம் இல்லீங்க. நேத்து சாயங்காலம் அவங்களே வந்துட்டாங்க." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இங்க மழையே இல்ல. தொப்பலா நனைஞ்சு வந்தாங்க. இன்னும் காயவே இல்ல..."

போனைக் காதிலிருந்து எடுக்கப் போனேன்.

"இதோ, பக்கத்துலதான் இருக்காங்க. பேசுறீங்களா?"