அரிவாளுக்கு ஏற்ற உலோகம்

என் கட்டுரைக்குப் பூச்சியம் போட்ட கிரேக்க மொழி ஆசிரியர் மேல் இன்னும் கோபம் ஆறவில்லை. 2003இல், ஜெர்மனியின் ஹம் நகரில், பள்ளியின் கடைசி வருடம். அந்தக் கட்டுரையின் புள்ளி இறுதிச் சான்றிதழில் சேரும். அது போனால் நான் ஆசைப்பட்ட பல்கலைக்கழக இடமும் போய்விடும்.

பழைய கிரேக்கக் கதையொன்றில் ஒரு கடவுளின் கையில் ‘அடமாஸ்’ அரிவாள் இருக்கிறது. எதற்கும் அடங்காதது என்று அர்த்தம். அகராதி வைரம் என்றது, நானும் கட்டுரையில் அப்படியே எழுதி அப்பாவுக்குத் தமிழில் சொல்லிக் காட்டினேன். அப்பாவுக்குத் தொழிற்சாலையில் இரும்பு தீட்டும் வேலை, வைரத்தூள் பதித்த சுழல் சில்லில்.

“வைரத்தில அரிவாளோ? அடிச்சு வளைக்க ஏலாது பிள்ளை, நொருங்கிப் போடும். உருக்கு இரும்பாத்தான் இருக்கும்.”

நூலகத்தில் தேடினால் அவர் சொன்னதுதான் சரி. அந்தச் சொல் முதலில் மிகக் கடினமான ஏதோ உலோகத்தைக் குறித்தது; வைரத்துக்கு அந்தப் பெயர் வெகுகாலம் கழித்தே வந்தது. கட்டுரையைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினேன்.

ஆசிரியர் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். “இது உங்கள் மகளின் யோசனை இல்லை. படித்தவர் யாரோ எழுதிக் கொடுத்திருக்கிறார்,” என்றார் ஜெர்மனில்.

“யா, யா,” என்று அப்பா ஜெர்மனில் ஆமாம் சொல்லித் தலையாட்டினார். வாத்தியார் பேசினால் வசனத்துக்கு வசனம் ஓம் போடுவது எங்கள் ஆட்களின் மரியாதை. ‘நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்’ என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. அந்த மனிதரோ அதை வாக்குமூலமாக எடுத்துக்கொண்டார். என்ன அநியாயம்! சொல்லிக் கொடுத்தவர் நகக்கண்ணில் இரும்புக் கறுப்போடு எதிரிலேயே இருக்கிறார். இவருக்குப் படித்தவர் யாரோ வேண்டியிருக்கிறது!

“யார் உதவியது?” என்று என் பக்கம் திரும்பினார்.

அப்பாவைக் காட்டியிருக்கலாம். ஆனால் அவர் என்ன வேலை செய்கிறார் என்று அந்தப் பள்ளியில் ஒருவருக்கும் நான் சொன்னதில்லை. வெட்கம்.

“ஒருவருமில்லை,” என்றேன். அந்த அளவு ஜெர்மன் அப்பாவுக்கு விளங்கும்.

திரும்பி வரும்போது பேருந்தில் அவர் கைகளை ஜாக்கெட் பைக்குள் விட்டபடி இருந்தார்.

“நான் ஏதும் பிழையாச் சொல்லிப்போட்டனோ பிள்ளை?”