இந்தப் பாவு முடியட்டும்

விடிகாலையில் போன் அடித்தால் உங்களுக்கு எப்படி இருக்கும்? எனக்கு எடுக்கவே மனசு வராது. நல்ல சேதி சொல்கிறவர்கள் யாரும் காபிக்கு முன்னால் கூப்பிடுவதில்லை.

போன வாரம் அப்படித்தான் அடித்தது. எடுத்தால்... தனபால் அண்ணன். என் வீட்டு ஓனர். பிள்ளையார்பாளையத்தில் நான் மாடியில் குடியிருக்கிறேன். கீழே அவரும் அவருடைய தறியும். மனைவி வனஜா அக்கா ஐப்பசியில் தவறிப்போனார்.

"திருநெல்வேலி தாண்டிட்டேம்மா" என்றார். பின்னால் ரயில் ஓடும் சத்தம் கேட்டது.

அவர் ஏன் ரயிலில் இருந்தார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அந்த ஜோடியைப் பார்த்து நான் பொறாமைப்படாத நாளில்லை. நானோ காலில் சக்கரம் கட்டியவள். இன்று மதுரையில் பட்டிமன்றம், நாளை கோவையில் கல்லூரி விழா. சூட்கேஸை முழுசாகக் காலி செய்ததாக ஞாபகமே இல்லை. அவர்களோ காலையில் தறியில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பார்கள். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று நெய்கிற கோர்வைச் சேலைக்குத் தறியில் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் எழுந்தால் மற்றவருக்கும் வேலை நின்றுவிடும். கல்யாணமான புதிதிலிருந்தே அக்காதான் அந்த இன்னொருவர்.

"எனக்கு என்னம்மா குறை? பகல்ல தறி, சாயங்காலம் கோயில்ல ஒரு சுத்து. வேற என்ன வேணும்?" என்பார் அண்ணன். நிஜமாகவே குறையில்லாத மனிதர்.

அக்காவுக்கு?

ஒரே ஒரு ஆசை இருந்தது. ரயிலில் படுத்துத் தூங்கிக்கொண்டே போக வேண்டும். அவ்வளவுதான்! காசி வேண்டாம், காஷ்மீர் வேண்டாம். நான் வெளியூரிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் மாடிப்படியில் வந்து நிற்பார்.

"எந்த பெர்த்துமா குடுத்தான்? ஆட்டத்துல நல்லா தூக்கம் வருமாமே... தொட்டில்ல போட்டு ஆட்டிக்கினு இருக்கிற மாதிரி?"

"முதுகு வலிதான் வந்துச்சு அக்கா."

"போம்மா... குடுத்து வச்சவ நீ. உனக்கு அது தெரியல."

அண்ணனிடம் கேட்காமலா இருந்தார்? கேட்டார். அவரும் ஒரு நாளும் முடியாது என்று சொன்னதில்லை. "இந்தப் பாவு முடியட்டும் வனஜா, போலாம்" என்பார்.

பாவு என்றால் தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகள். ஒரு பாவில் மூன்று சேலை வரும். மூன்றாவது முடிந்ததும் கிளம்பலாம்தானே? அங்கேதான் இருக்கிறது சங்கதி. பழைய பாவின் நுனியைத் தறியிலேயே விட்டுவைத்து, புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக அதோடு பிணைத்துவிடுவார்கள். இன்று காலை பிணைக்கிற ஆள் வந்து உட்கார்ந்தால், ஓரிரு நாளில் அடுத்த சேலை ஆரம்பம். வேலை இருக்கிற வீட்டில் தறியை வெறுமனே போடும் வழக்கமே கிடையாது. அண்ணன் மனதாரத்தான் வாக்குக் கொடுத்தார்... ஆனால் அந்தத் தறியில் பாவு என்றைக்கு முடிந்தது?

ஐப்பசியில் ஒரு கல்யாணச் சேலை பாதியில் இருக்கும்போது அக்கா தறியிலேயே சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் உயிர் போய்விட்டது.

யாரோ ஒரு பெண்ணின் முகூர்த்தச் சேலை. பாதியில் விட முடியுமா? அண்ணனின் தம்பி மனைவி வந்து அக்கா இடத்தில் உட்கார்ந்து முடித்துக் கொடுத்தார். பாவில் மிச்சமிருந்ததையும் இருவருமாக நெய்து இறக்கினார்கள். அதன் பிறகு, வழக்கம்போல, பிணைக்கிற ஆள் வந்து நின்றார். நான் அப்போது மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தேன்.

"வேணாம்பா" என்றார் அண்ணன்.

"இன்னாண்ணா, தறிய வெறுமனே போடலாமா?"

"முடியட்டும், முடியட்டும்னு சொல்லிக்கினே இருந்தேன்ல... முடிஞ்சிடுச்சுபா."

அன்று சாயங்காலம் மாடியேறி என்னிடம் வந்தார். "ராத்திரி பூரா ஓடுற ரயிலா பாத்து ஒரு டிக்கெட்டு போட்டுக் குடும்மா. எந்த ஊரா இருந்தாலும் சரி."

"தனியா எதுக்குண்ணா இப்ப?"

"அதுல ஒண்ணுமே இல்லன்னு பாத்துட்டு வந்துட்டா, மனசு ஆறிடும்மா."

கன்னியாகுமரிக்கு டிக்கெட் போட்டேன். செங்கல்பட்டில் ஏறிக்கொண்டார். எனக்கும் நம்பிக்கை இருந்தது. ஸ்லீப்பர் கோச்சில் என்ன பெரிய சுகம் இருக்கிறது? குறட்டை, பாத்ரூம் நாற்றம், மணிக்கொரு தரம் யாராவது இடித்துக்கொண்டு போவார்கள். 'ச்சே, இதுக்கா ஆசைப்பட்டா!' என்று ஆறுதலோடு திரும்பி வந்துவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

அந்தப் போனுக்கு வருகிறேன்.

"ராத்திரி தூங்கவே முடியலையா அண்ணா?" என்று நானே எடுத்துக் கொடுத்தேன்.

"தூங்கிட்டேம்மா." குரல் உடைந்தது. "அவ போனதுலேர்ந்து ஒரு நாள்கூட கண்ண மூடல. இங்க படுத்தது தெரியும்... விடிஞ்சிடுச்சு. நல்லா இருக்குதும்மா. அவ சொன்ன மாதிரியே இருக்குது."

அழுதார். பக்கத்தில் இருந்தவர் யாரோ 'என்ன ஆச்சு சார்?' என்று கேட்பது காதில் விழுந்தது. நான் போனைப் பிடித்துக்கொண்டு சமையலறையில் நின்றேன். எனக்கும் அழுகைதான் வந்தது.

நிம்மதியான வாழ்க்கையா, பரபரப்பான வாழ்க்கையா — இந்தத் தலைப்பில் நான் பட்டிமன்றம் பேசியிருக்கிறேன். ஒரு ஊரில் இந்த அணி, இன்னொரு ஊரில் அந்த அணி! இரண்டு ஊரிலும் கைதட்டினார்கள். அந்த நிம்மதி வீட்டில் யாருடையது என்று மட்டும் எந்த மேடையிலும் யாரும் கேட்கவில்லை. ஒருவர் நிறைவாக உட்கார்ந்திருக்கிறார் என்றால், இன்னொருவர் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்கிறார் என்றும் இருக்கலாம் இல்லையா?

தனபால் அண்ணன் கெட்டவராக இருந்திருந்தால் நன்றாகத் திட்டிவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். நல்ல மனிதர். அக்காவை ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. அதனால்தான் எனக்கு மனசே ஆறவில்லை.

உங்கள் வீட்டிலும் யாராவது சின்னதாக எதையாவது கேட்டுக்கொண்டே இருக்கிறார்களா? இன்றைக்கே டிக்கெட் போட்டுவிடுங்கள்...

இரண்டாக!