துரை அளவு

மெடாங் மரத்தை அறுக்கும்போது ஒரு வாசனை வரும்... பட்டையும் ஈரமண்ணும் கலந்த மாதிரி.

நேற்று மலையில் தானா ராத்தா ஊர்ப் பக்கம் பேத்தியோடு காரில் போனபோது, ஒரு மரப்பட்டறையிலிருந்து அதே வாசனை. காரை நிறுத்தச் சொல்லிவிட்டேன். "என்ன பாட்டி, மயக்கமா?" என்று பயந்துபோனாள். மயக்கமெல்லாம் இல்லை. என் அண்ணன் ஞாபகம் வந்துவிட்டது.

நண்பர்களே, எனக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. நான் சொல்லச் சொல்லப் பேத்திதான் இதைப் போனில் தட்டுகிறாள். பிழை இருந்தால் அவளைத் திட்டுங்கள்.

ஜப்பான்காரன் நாட்டைப் பிடித்திருந்த காலம். ரிங்லெட் ஊருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் இருந்தோம். நான் புதுப்பெண். என் வீட்டுக்காரர் சூசை, தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவர். அண்ணன் சவரிமுத்து தோட்டத்துத் தச்சர், அப்போது இன்னும் கல்யாணமாகாதவர்.

தச்சர் என்றால் கதவு, ஜன்னலோடு நிற்கிற ஆள் இல்லை. வேட்டைக்குப் போகும் வெள்ளைக்காரத் துரைமாரின் ரைபிளுக்கு, தோளில் முட்டுக் கொடுக்கிற கட்டையை மெடாங் மரத்தில் அவர்தான் செய்வார். கை நீளம், கழுத்து நீளம் பார்த்து, சட்டை தைப்பது போல ஆளுக்கு ஆள் அளவெடுத்துச் செய்வார்.

துரைமார் போய்விட்டார்கள். பங்களாவில் ஒரு ஜப்பான் அதிகாரி வந்து உட்கார்ந்தான். வாய்ப் பழக்கம், அவனையும் நாங்கள் துரை என்றே சொன்னோம். விட்டுப்போன துப்பாக்கிகளை எடுத்துவைத்துக்கொண்டு, உடைந்த கட்டைகளை மாற்றித் தரும்படி அண்ணனிடம் சொன்னான்.

அந்தச் சமயத்தில்தான் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். லோரி வரும். ஏறினவர்கள் யாரும் எங்கள் லைனுக்குத் திரும்பி வரவில்லை. தேயிலை வேலை படுத்துவிட்டது, கவ்வாத்துக் கத்தி யாருக்கு வேண்டும்? அடுத்த லோரிக்கு என் வீட்டுக்காரர் பேரும் இருக்கிறது என்று கங்காணி வந்து சொல்லிவிட்டுப் போனார். எனக்குச் சோறு இறங்கவில்லை... சோறு ஏது, மரவள்ளிக்கிழங்குதான்.

அண்ணன் அதிகாரியிடம் போய், தனியாக முடியாது, கூட ஆள் வேண்டும் என்று கேட்டார். அவனும் சரி என்றான். ஆனால் வருகிற ஆள் ஒரு கட்டையைத் தானே முழுசாகச் செய்து காட்ட வேண்டும். தெரியாத ஆள் என்றால் லோரிதான்.

கங்காணி அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "சவரி, ஒனக்கு மட்டும் தெரிஞ்ச வரைக்குந்தான் ஒனக்கு மதிப்பு லா. எல்லாருக்கும் சொல்லிக் குடுத்துட்டா நாளைக்கு ஒன்னையே ஏத்திருவான்."

அண்ணன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அடுத்த நாளே என் வீட்டுக்காரரைப் பட்டறையில் உட்காரவைத்தார்.

அவர் சொல்லிக் கொடுத்த அழகை இன்றைக்கு நினைத்தாலும் பெருமையாக இருக்கிறது. துப்பாக்கியின் இரும்பில் விளக்குக் கரியைத் தடவி மரத்தில் அழுத்துவார். எங்கே கரி ஒட்டுகிறதோ அங்கே மட்டும் உளியால் சீவ வேண்டும். மறுபடி தடவு, மறுபடி அழுத்து... இரும்பும் மரமும் முழுக்க ஒட்டி உட்காரும் வரைக்கும். "மரத்துக்கிட்ட கேட்டு கேட்டு வெட்டு மாப்ள. இது கவ்வாத்து இல்ல" என்று கிண்டல் வேறு. உப்புத்தாள் கிடைக்காததால் சொரசொரப்பான காட்டு இலையால் தேய்த்தோம். எண்ணெய் போட்டு மெருகேற்றுவது என் வேலை.

அதிகாரிக்கென்றே ஒரு ரைபிள். அண்ணன், "தொரை அளவுல அறுத்துரு மாப்ள" என்று சொல்லிவிட்டு வேறு வேலைக்குப் போனார். என் வீட்டுக்காரர் என்ன செய்தார்? சுவரில் தொங்கிய பழைய துரையின் அச்சுப் பலகையை எடுத்து, அந்த அளவுக்கு அறுத்துவிட்டார். அந்த வெள்ளைக்காரரோ பாக்கு மரம் மாதிரி இருப்பார். இந்த ஜப்பான் துரை அவர் நெஞ்சுக்குக்கூட வரமாட்டான்!

யாருக்கும் உறைக்கவில்லை. அதிகாரி வந்தான். கட்டையைத் தோளுக்குத் தூக்கினான். கக்கத்தில் இடித்தது.

"பாஞ்சாங்!" என்றான். நீளம் என்று அர்த்தம். என் கையிலிருந்த எண்ணெய்த் துணி கீழே விழுந்துவிட்டது.

அண்ணன் மட்டும் அசரவில்லை. துவான், அதாவது ஐயா, என்று மலாயில் பணிவாகச் சொன்னார். நீளமாகத்தான் விடுவோம் துவான், தோளில் வைத்துப் பார்த்த பிறகுதான் மிச்சத்தை அறுப்போம், அதுதான் எங்கள் முறை என்று. பாதி நிஜம், பாதி சமாளிப்பு. முழங்கை மடிப்பிலிருந்து அதிகாரியின் ஆட்காட்டி விரல் வரைக்கும் கயிறு பிடித்து, கட்டையில் கோடு போட்டு, ரம்பத்தை எடுத்தார்.

அவரே அறுப்பார் என்றுதான் நினைத்தேன். அறுத்திருந்தால் காரியம் கெட்டிருக்கும்.

ரம்பத்தை இவரிடம் நீட்டினார். "ஒன் வேல. நீயே முடி, மாப்ள."

இவர் ரம்பத்தை வாங்கிக் கோட்டில் பதித்தார். அறுத்தார், அரம் போட்டார், நீட்டினார். கண்ணை மூடிக்கொண்டு தோளில் வையுங்கள், பிறகு திறங்கள் என்றார் அண்ணன். எங்கள் முன்னால் கண்ணை மூட அதிகாரி கொஞ்சம் தயங்கினான்... மூடினான். திறந்தபோது குறி நேராகக் கண்ணெதிரே நின்றிருக்க வேண்டும்.

"பாகுஸ்" என்றான். நல்லது என்று. அவ்வளவுதான். லோரி வந்தது. இவர் பேரைக் கூப்பிடவில்லை.

அன்று சாயங்காலம் அண்ணன் இவரை ஓட்டு ஓட்டென்று ஓட்டினார்: "என்ன மாப்ள, பழைய தொரை பங்களாவுல ஒளிஞ்சிருக்காருன்னு நெனச்சியா?"

இப்போது போனைத் திறந்தால் எந்தத் தொழிலையும் யார் வேண்டுமானாலும் சொல்லித் தருகிறார்கள். பேத்தி அதைப் பார்த்துத்தான் கேக் செய்கிறாள், நன்றாகத்தான் இருக்கிறது. அதைச் சொல்லிக் கொடுத்தவர் உயிருக்கு ஒன்றும் வரப்போவதில்லை. என் அண்ணனுக்கு அப்படி இல்லை.

ஜப்பான் சண்டை முடிந்த பிறகு ஒருநாள் அண்ணனிடம் கேட்டேன்: "கங்காணி அவ்வளவு சொன்னாரே... ஒனக்குப் பயமா இல்லையாண்ணே?"

"பயமில்லாம என்ன?" என்றார். "ரெண்டு பேருக்கும் தெரிஞ்சா, ஒருத்தனக் கொண்டு போனாலும் ஒருத்தன் இங்க இருப்பான்ல. யாரு இருக்கணும்னு பாத்தா... எனக்குப் பின்னால அழ யாரு இருக்கா? தாலி ஒன் கழுத்துலதானே கெடந்துச்சு."