ஐந்து பின்மூடிகள்

என் வீட்டுக்காரரைத் தெருவில் எல்லோரும் 'லென்ஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். தண்ணீர் வரி அலுவலகத்தில் குமாஸ்தா. வேலை விட்டு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் ஒற்றைக் கண்ணில் லென்ஸைச் செருகிக்கொள்வார். பழைய கைக்கடிகாரம் சேர்க்கிற பைத்தியம். டயலுக்கு எவனாவது மறுபூச்சு அடித்திருந்தால் பத்தடி தூரத்திலிருந்தே சொல்லிவிடுவார். வீட்டில் உப்பு தீர்ந்தது மட்டும் ஒரு வாரமானாலும் கண்ணுக்குத் தெரியாது.

கல்யாணமாகி வந்த புதிதில் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "இத்தனையும் எதுக்கு? உங்களுக்கு என்ன பத்துக் கையா இருக்கு?" என்று கத்துவேன். எங்களோடு இருக்கும் என் ஓரகத்திதான் ஒருநாள் விஷயத்தைச் சொன்னாள். அதற்குப் பிறகு நான் வாயே திறக்கவில்லை.

அவள் புருஷன், அதாவது இவருடைய அண்ணன், பதினோரு வருஷத்துக்கு முன் வேலைக்குப் போனவர், திரும்பவேயில்லை. கையில் கறுப்பு டயல் வாட்ச். அதற்கு முந்தின வாரம்தான் இவர் அதைக் கழுவி எண்ணெய் விட்டு, ரிப்பேர்காரர்கள் செய்கிறபடி பின்மூடியின் உட்புறத்தில் ஊசியால் தேதியைக் கீறி, பக்கத்தில் 'அண்ணன்' என்றும் எழுதியிருந்தார். என்றைக்காவது அந்த வாட்ச் விலைக்கு வரும், வந்த வழியே போனால் அண்ணன் கிடைப்பார் என்று கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார். எது வந்தாலும் முதலில் மூடியைத் திறந்து பார்ப்பார்.

போன மாதம் பழைய சாமான் கடையில் ஐந்து வாட்ச் வாங்கி வந்தார். ஒன்றும் கறுப்பு டயல் இல்லை. "இதுல இல்ல" என்று முணுமுணுத்தவர், அன்றைக்கென்று உட்புறத்தைப் பார்க்காமலேயே ஐந்து மூடிகளையும் பாலிஷ் சக்கரத்தில் பிடித்தார். உட்புறமும் பளபளவென்று இருக்க வேண்டும் அவருக்கு. அப்புறம் சாவகாசமாக ஒரு வெள்ளை டயலைத் துடைத்தார். அவர் கண்ணையே ஏமாற்றியிருந்த பூச்சு உரிந்தது. அடியில் கறுப்பு.

"ஐயோ!" என்றார். நான் ஓடிப் போனேன். உள்ளே ஒரு திருகு மட்டும் பித்தளை.

"அண்ணன் வாட்ச்சுக்கும் பித்தளைதான் போட்டேன். ஆனா கையில கிடைச்சத எல்லாரும்தான் போடுவாங்க. கீறல் இருந்தாத்தான் தெரியும்."

ஐந்து மூடிகளையும் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தோம். எங்கள் மூஞ்சிதான் தெரிந்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை! தலையில் அடித்துக்கொண்டு கடைக்கு ஓடினார். கடைக்காரர் சாதாரணமாகச் சொன்னார்:

"அந்த வெள்ளை டயலா? ஏதோ ஆஸ்பத்திரி ஏலத்துல வந்ததுங்க. செத்தவங்க சாமான், கேக்க ஆளில்லாம கிடந்தது. நாலு கை மாறி வந்துச்சு. எந்த ஆஸ்பத்திரின்னு யாருக்குத் தெரியும்?"

வீட்டுக்கு வந்து மேஜை முன்னால் உட்கார்ந்தார். ஓரகத்தி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே கதவோரம் வந்து நின்றாள். உரிந்த டயலை அவளும் பார்த்துவிட்டாள்.

"அதுதானா தம்பி?"

ஆமாம் என்று சொல்லவும் அவரிடம் எதுவும் இல்லை, இல்லை என்று சொல்லவும் இல்லை. அவரே தேய்த்து அழித்துவிட்டாரே!

"இல்லண்ணி. இது வேற."

"அப்பாடா!" என்று அவள் பெருமூச்சு விட்டாள். "அப்ப அது இன்னும் அவர் கையிலதான் இருக்கு."

அவள் அடுப்பைப் பார்க்கப் போனாள். இவர் தலை நிமிரவில்லை. லென்ஸையும் கழற்றவில்லை.